பேர் தம்பி பேரு, உழைப்பு அக்கா உழைப்பு!
இணைய வியாபாரத்துக்கு எந்தப் பதிவு, எவ்வளவு வரி?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கணக்காய்வாளர் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. தொடர்புத்துறையில் டிப்ளோமா படித்துவிட்டு, கேமரா முன்னால் நின்று கேள்வி கேட்பதைத் தொழிலாக வைத்திருப்பவன். ஆனால் பத்துப் பேரிடம் கேள்வி கேட்டால் பதினொன்றாவது ஆளுக்குப் பதில் சொல்லும் அளவுக்காவது விஷயம் சேர்ந்துவிடும் அல்லவா? அந்தத் துணிச்சலில்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்தக் கருத்தரங்குக்காக ஒரு நாள் பட்டர்வொர்த்திலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி தாசேக் கெலுகோர் போயிருந்தேன். செபராங் பிறை வடக்கில் உள்ள சின்ன ஊர். நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு தாமான். அங்கே ஓர் அக்கா வீட்டில் முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை செய்து முகநூல், வாட்ஸ்அப், ஷோப்பி வழியாக நாடு முழுக்க விற்கிறார். தீபாவளிக்கு முந்திய மாதம் அந்த வீட்டில் கால் வைக்க இடம் இருக்காது. எல்லாம் அட்டைப் பெட்டிகள்!

"வியாபாரத்தைப் பதிஞ்சிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"பதிஞ்சிருக்கு தம்பி. ஆனா என் பேர்ல இல்ல. என் தம்பி பேர்ல. அவன்தான் படிச்சவன், பாரமெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். பேங்க் கணக்கும் அவன் பேர்லதான்."

"வருமான வரி?"

"அவன் பிறையில பேக்டரியில வேலை செய்றான். சம்பளத்துக்கு வரி கட்டுறான். முறுக்குக்கெல்லாம் யாரு தம்பி வரி கேக்கப் போறா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த ஒரு பதிலுக்குள் மூன்று ஆபத்துகள் இருக்கின்றன. நம் சமூகத்தில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான். அந்த மூன்றையும் இன்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

பதிந்தால்தான் வரியா?

"பதிவு செய்தால் வரிக்காரன் வந்துவிடுவான், பதியாமல் இருந்தால் தப்பிக்கலாம்." இதை நான் கேட்காத ஊர் இல்லை. இது தவறு. வியாபாரப் பதிவு வேறு, வருமான வரி வேறு. அலுவலகமும் வேறு, சட்டமும் வேறு.

பதிவைப் பார்ப்பது எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையம். 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டத்தின்படி, வியாபாரம் தொடங்கி 30 நாள்களுக்குள் பதிந்துவிட வேண்டும். கடை வைத்து விற்றாலும் கைப்பேசியில் விற்றாலும் வியாபாரம் வியாபாரம்தான். பதியாமல் நடத்தினால் 50,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

வரியைப் பார்ப்பது உள்நாட்டு வருமான வரி வாரியம். அதன் சட்டம் 1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம். அது உங்கள் பதிவுச் சான்றிதழைப் பார்த்து வரி போடுவதில்லை, லாபத்தைப் பார்த்துப் போடுகிறது. பதியாதவருக்கு லாபம் வந்தாலும் வரிக் கடமை உண்டு. பதிந்தவருக்கு லாபம் குறைவாக இருந்தால் வரி ஒரு காசும் வராமல் போகலாம்.

எப்படி என்கிறீர்களா? அந்த அக்காவோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் சராசரி 6,000 வெள்ளி விற்பனை. ஆண்டுக்கு 72,000. மாவு, எண்ணெய், நெய், கேஸ், பெட்டி, தபால் செலவு, ஷோப்பி கட்டணம், விளம்பரம் எல்லாம் சேர்த்து 48,000. மிச்சம் 24,000. வரி போடுவது இந்த மிச்சத்துக்குத்தான், 72,000-க்கு இல்லை. பலர் பயப்படுவதே இந்த இடத்தில்தான்.

24,000-இல் ஒவ்வொரு தனிநபருக்கும் கிடைக்கும் 9,000 வெள்ளி கழிவை எடுத்துவிடுங்கள். மீதி 15,000. முதல் 5,000-க்கு வரி இல்லை. அடுத்த 10,000-க்கு ஒரு விழுக்காடு, அதாவது 100 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி வரித் தள்ளுபடி உண்டு. ஆகக் கட்ட வேண்டியது பூஜ்யம்!

இதைச் சொன்னதும் அக்கா என்னை நம்பவே இல்லை. "மறுபடி போடு தம்பி" என்றார். மறுபடியும் போட்டேன். மறுபடியும் பூஜ்யம்தான்.

ஆனால் கவனியுங்கள். வரி பூஜ்யம் என்றால் பாரமும் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. வியாபார வருமானம் உள்ளவர் பாரம் 'பி' நிரப்ப வேண்டும். சம்பளக்காரர் நிரப்புவது பாரம் 'பிஇ', அதன் கெடு ஏப்ரல் 30. பாரம் 'பி'யின் கெடு ஜூன் 30. சம்பளமும் வியாபாரமும் இரண்டும் உள்ளவருக்கும் பாரம் 'பி'தான். பாரம் அனுப்பாமல் விட்டால் 200 முதல் 20,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

தம்பி பேரில் இருந்தால் என்ன ஆகும்?

இப்போது அதே 24,000 வெள்ளியைத் தம்பியின் கணக்கில் வைத்துப் பாருங்கள். அவருக்கு ஆண்டுச் சம்பளம் 54,000 என்று வைத்துக்கொள்வோம். தனிநபர் கழிவு 9,000, ஊழியர் சேமநிதிக் கழிவு 4,000 போக மீதி 41,000. மற்றக் கழிவுகளைத் தள்ளி வைப்போம். அதற்கு வரி 960 வெள்ளி. முறுக்கு லாபம் 24,000-ஐ அதன் மேல் ஏற்றினால் 65,000 ஆகிறது. அப்போது வரி 3,150. அதாவது, அக்கா பேரில் இருந்தால் ஒரு காசும் கட்டத் தேவையில்லாத பணத்துக்கு, தம்பி பேரில் இருப்பதால் 2,190 வெள்ளி வரி!

கட்டினாரா என்றால் அதுவும் இல்லை. மூன்று ஆண்டுகளாகச் சம்பளத்தை மட்டும் காட்டி பாரம் 'பிஇ' அனுப்பியிருக்கிறார். பதிவு அவர் பேரில், வங்கிக் கணக்கு அவர் பேரில், வருமானம் மட்டும் எங்கேயும் இல்லை. வாரியம் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். குறைத்துக் காட்டிய வரிக்கு அதே அளவு, அதாவது நூற்றுக்கு நூறு வரை, அபராதம் போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. தம்பிக்கு நல்லது செய்வதாக நினைத்து அக்காவும், அக்காவுக்கு உதவுவதாக நினைத்துத் தம்பியும் சேர்ந்து பின்னிய வலை இது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் சட்டம் எண்ணத்தைப் பார்க்காது, ஏட்டைத்தான் பார்க்கும்.

இன்னொன்று இருக்கிறது. அதுதான் அக்காவின் முகத்தை மாற்றியது. வியாபாரத்தைப் பெரிதாக்க ஓரிடத்தில் கடன் கேட்டுப் போயிருக்கிறார். "உங்கள் வியாபாரப் பத்திரம் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். ஐந்து ஆண்டு அடுப்படியில் நின்றவருக்குக் காட்ட ஒரு தாள் இல்லை. இந்திய சமூகத் தொழில்முனைவோருக்கென்று தெக்குனில் 'ஸ்பூமி' கடன் திட்டம் இருக்கிறது. இந்தியப் பெண்களுக்கென்று 2024-இல் அமானா இக்தியார் மூலம் 'பெண்' திட்டம் தொடங்கப்பட்டது. கடன் தருகிற எவரும் முதலில் தேடுவது, வியாபாரம் யாருடையது என்பதைத்தான்.

தம்பிக்கு நாளை ஏதாவது ஆகிவிட்டால்? அவருக்கு வேறு கடன் இருந்து, கடன்காரர் அவர் சொத்தைத் தேடி வந்தால்? தனி உரிமையாளர் வியாபாரத்தில் உரிமையாளரும் வியாபாரமும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே ஆள். வங்கியில் இருக்கும் முறுக்குக் காசும் தம்பியின் காசுதான்.

நான்கு கதவுகள்

சரி, எந்த வடிவில் பதியலாம்? நம் நாட்டில் சிறு வியாபாரிக்கு முன்னால் நான்கு கதவுகள் இருக்கின்றன.

முதல் கதவு, தனி உரிமை. மைகார்டில் உள்ள சொந்தப் பெயரிலேயே பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி. வேறு வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை ஒரேயடியாகப் பதியலாம். 'இசிபிஸ்' இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். கணக்காய்வு தேவையில்லை, செயலாளர் தேவையில்லை. வியாபாரத்தை நிறுத்தினால் 30 நாளுக்குள் தெரிவித்து மூடிவிடலாம். குறை ஒன்றுதான்: வியாபாரக் கடன் உங்கள் சொந்தக் கடன். வீடு, கார், சேமிப்பு எல்லாம் அதற்குப் பொறுப்பு.

இரண்டாவது, கூட்டு வியாபாரம். இரண்டு பேர் முதல் இருபது பேர் வரை சேரலாம். பதிவுச் சட்டமும் கட்டணமும் அதேதான். கூட்டுக்கென்று பாரம் 'பி' போல ஒரு பாரம் உண்டு, அது பாரம் 'பீ', கணக்கு காட்ட மட்டும். வரியை ஒவ்வொரு பங்காளியும் தன் பங்குக்குத் தன் பாரம் 'பி'யில் கட்டுவார். இங்கே ஒரு எச்சரிக்கை. 1961-ஆம் ஆண்டு கூட்டுத் தொழில் சட்டப்படி, ஒரு பங்காளி வியாபாரத்துக்காக வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பு. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் லாபம் சரிபாதி.

என் கதையையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு நண்பரும் சேர்ந்து இணையத்தில் வேட்டி, ஜிப்பா விற்றோம். முதலில் போட்டது முக்கால் பங்கு நான். பேச்சு பேச்சாகவே இருந்தது, ஒரு தாள்கூட எழுதவில்லை. பிரியும்போது அவர் பாதி கேட்டார். சட்டத்தைப் பார்த்தால் அவர் பக்கம்தான் இருந்தது! பணம் போனதுகூடப் பெரிதில்லை, நட்பும் போனது. ஆகவே உறவானாலும் நட்பானாலும், தொடங்கும் முன்னே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். யார் எவ்வளவு போட்டது, லாபம் எப்படி, பிரிந்தால் எப்படி. மூன்றே வரி போதும்.

மூன்றாவது, பி.எல்.டி. எனப்படும் வரையறுத்த பொறுப்புக் கூட்டு. 2012-ஆம் ஆண்டுச் சட்டம், அதே ஆண்டு டிசம்பர் 26-இல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது இரண்டு பேர் வேண்டும். பதிவுக் கட்டணம் 500 வெள்ளி. இதில் வியாபாரம் தனி ஆளாகக் கருதப்படும். அதன் கடன் பங்காளிகளின் வீட்டுக்குள் வராது. ஆண்டுதோறும் அறிக்கை கொடுக்க வேண்டும். வரியும் நிறுவனங்களைப் போலத் தனியாகக் கட்ட வேண்டும்.

நான்காவது, செண்டிரியான் பெர்ஹாட். முன்பு 1965-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு இரண்டு பேர் கட்டாயம் தேவை. 2017 ஜனவரி 31-இல் நடைமுறைக்கு வந்த புதிய நிறுவனச் சட்டத்தில் ஒரே ஆள் போதும், அவரே பங்குதாரர், அவரே இயக்குநர். பதிவுக்கு 1,000 வெள்ளி. அதோடு முடிந்ததா? இல்லை. 30 நாளுக்குள் தகுதி பெற்ற செயலாளரை நியமிக்க வேண்டும். ஆண்டறிக்கை, நிதியறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். சிறிய நிறுவனங்களுக்குக் கணக்காய்விலிருந்து விலக்கு கிடைக்கலாம், ஆனால் கணக்கு எழுதுவதிலிருந்து விலக்கு இல்லை. மூடுவதும் ஒரே நாளில் நடக்காது.

"கம்பெனி வைத்தால் கடன் நம்மைத் தொடாது" என்பதையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். வங்கியில் கடன் கேட்டால் இயக்குநரின் சொந்த உத்தரவாதக் கையெழுத்தைக் கேட்பார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தச் சுவரில் நீங்களே ஓட்டை போட்டதாகிவிடும். நிறுவனத்தின் வரிப் பாக்கிக்கும், 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பங்கு வைத்து நிர்வாகம் நடத்தும் இயக்குநர் பொறுப்பாவார்.

கம்பெனி வைத்தால் வரி குறையுமா?

இளைஞர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. "இயக்குநர்" என்று அட்டை அடித்துக்கொள்ளும் ஆசையும் கொஞ்சம் உண்டு, இல்லையா?

2023 வரி ஆண்டிலிருந்து, தகுதியுள்ள சிறு நிறுவனத்துக்கு முதல் 150,000 வெள்ளி லாபத்துக்கு 15 விழுக்காடு, அடுத்த 450,000-க்கு 17, அதற்கு மேல் 24. தனிநபருக்குப் படிப்படியாக ஏறும். வரிக்குரிய வருமானம் 70,000 வரை வந்தால் மொத்த வரி 3,700 வெள்ளி. 100,000 வரை வந்தால் 9,400. அதற்கு மேல் 400,000 வரை 25 விழுக்காடு.

லாபம் 80,000 என்று வையுங்கள். தனி உரிமையாளருக்கு 9,000 கழிவு போக 71,000-க்கு வரி 3,890 வெள்ளி. அதே 80,000-ஐ நிறுவனத்தில் அப்படியே விட்டு வைத்தால் 15 விழுக்காடு, அதாவது 12,000 வெள்ளி! இதற்கு மேல் செயலாளர் கட்டணம், கணக்காளர் கட்டணம். வரியை மிச்சம் பிடிக்கக் கம்பெனி திறந்து, மும்மடங்கு கட்டிய கதையாகிவிடும்.

லாபம் 200,000 ஆனால்? தனி உரிமையாளருக்கு 32,150, நிறுவனத்துக்கு 31,000. ஏறக்குறைய சமம். இந்த அளவில் இயக்குநர் தனக்கு ஒரு சம்பளம் எடுத்துக்கொண்டு மீதியை நிறுவனத்தில் வைத்தால் உண்மையிலேயே மிச்சமாகும். அப்போது நல்ல கணக்காளரிடம் போங்கள், அவருக்குக் கொடுக்கும் காசு வீணில்லை. அதுவரை? 30, 60 வெள்ளிக் கதவே போதும். வியாபாரம் வளர்ந்தபின் வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்கு முதல் நாளே பெரியவர் சட்டை தைக்க வேண்டியதில்லையே!

வரி தவிர வேறு காரணங்களும் உண்டு. பெரிய பேரங்காடி உங்கள் சரக்கை எடுக்க நிறுவனம் வேண்டும் என்று கேட்கலாம். முதலீட்டாளர் பங்கு கேட்கலாம். விற்கும் பொருளால் பிறருக்குத் தீங்கு வரும் வாய்ப்பு அதிகம் என்றால் சொந்தச் சொத்தைப் பிரித்து வைப்பது நல்லது. இப்படிப்பட்ட காரணம் இருந்தால் செண்டிரியான் பெர்ஹாட் திறப்பதில் தவறில்லை.

விற்பனை வரி, மின் விலைச்சீட்டு பயம்

"எஸ்.எஸ்.டி. கட்ட வேண்டுமா?" என்றும் கேட்கிறார்கள். 2018 செப்டம்பர் 1 முதல் மீண்டும் வந்த விற்பனை வரி, உற்பத்தியாளரிடமும் இறக்குமதியிலும் வசூலிக்கப்படுவது. உற்பத்தியாளர் ஆண்டு விற்பனை 500,000 வெள்ளியைத் தாண்டினால்தான் பதிய வேண்டும். நம் அக்காவின் 72,000-க்கு அந்தப் பேச்சே இல்லை.

மின் விலைச்சீட்டு 2024 ஆகஸ்ட் 1-இல் பெரிய நிறுவனங்களிடமிருந்து தொடங்கி, படிப்படியாகக் கீழே இறங்கியது. ஆண்டு விற்பனை 1,000,000 வெள்ளிக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். வாங்கியது, விற்றது எல்லாவற்றின் ரசீதையும் ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ரசீது இல்லாத செலவு, செலவே இல்லை.

இணையத்தில் விற்பவருக்கு இன்னொரு கடமையும் 2013 முதல் இருக்கிறது. பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளின்படி வியாபாரத்தின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருள் விவரம், தபால் செலவு உட்பட முழு விலை, பணம் செலுத்தும் முறை போன்றவற்றைப் பக்கத்தில் காட்ட வேண்டும். "விலைக்கு பிஎம் செய்யவும்" என்று போடுகிறீர்களே, அது இனி வேண்டாம்! உணவு விற்பவர்கள் உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் எடுத்திருக்க வேண்டும். வீட்டிலிருந்து செய்வதற்கான உரிமத்தைச் செபராங் பிறை மாநகர் மன்றத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்றே செய்ய வேண்டிய ஐந்து

ஒன்று, உழைப்பவர் பெயரில் பதியுங்கள். இரண்டு, வியாபாரத்துக்குத் தனி வங்கிக் கணக்கு திறங்கள். வீட்டு மளிகையும் வியாபார மாவும் ஒரே கணக்கில் ஓடினால் எது எதுவென்று உங்களுக்கே தெரியாது. மூன்று, ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும், தினமும் வரவு செலவு எழுதுங்கள். வாங்கிய சின்னச் சாதனங்கள், ஒவ்வொன்றும் 2,000 வெள்ளிக்கு மேற்படாதவை, அந்த ஆண்டே முழுதாகக் கழிக்கலாம். அதையும் குறித்து வையுங்கள். நான்கு, லாபம் கூடும்போது மாதம் ஒரு தொகையை வரிக்கென்று ஒதுக்குங்கள். வாரியம் சிபி500 தவணைக் கடிதம் அனுப்பினால் குப்பையில் போடாதீர்கள், அது இரண்டு மாதத்துக்கு ஒரு தவணை கட்டச் சொல்லும் கடிதம். ஐந்து, உங்களையும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான சொக்சோ திட்டத்தில் 2020 முதல் இணைய வியாபாரிகளும் சேரலாம். கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நிற்பவருக்கு அது பெரிய துணை.

பழைய பாக்கி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அபராதமே இல்லாமல் தாமாக முன்வந்து சொல்லும் சிறப்புத் திட்டம் 2023 ஜூன் 6 முதல் 2024 மே 31 வரை இருந்தது. அது முடிந்துவிட்டது. ஆனாலும் நாமாகப் போய்ச் சொல்வதற்கும், அவர்கள் வந்து கண்டுபிடிப்பதற்கும் அபராதத்தில் வேறுபாடு உண்டு. கதவு தட்டும் வரை காத்திருக்காதீர்கள்.

தாசேக் கெலுகோர் அக்கா அன்று என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி வரியைப் பற்றியது இல்லை. "தம்பி, அந்தத் தாள்ல என் பேர் வருமா?" என்று கேட்டார்.

வரும் என்றேன். அன்று மாலையே தன் தம்பியைக் கூப்பிட்டுப் பேசினார். தம்பிக்கு முதலில் கோபம், "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று. அந்த 2,190 வெள்ளிக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். பிறகு அமைதியானார். பழைய பதிவை மூடிவிட்டு, அக்கா தன் மைகார்டோடு புதிதாகப் பதிவது என்று முடிவானது. தம்பி மூன்று ஆண்டுக் கணக்கைச் சரிசெய்ய வாரியத்துக்குப் போக வேண்டும். வரும் தொகையை இருவரும் பாதிப் பாதி போட்டுக் கட்டுவதாகப் பேசிக்கொண்டார்கள். அவருக்கு அது கசப்பு மருந்துதான், ஆனால் குடித்தாக வேண்டிய மருந்து.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி அடுப்படியில் நின்று, வேறொருவர் பெயரில் சம்பாதித்துக்கொண்டிருந்தால், இன்று இரவு சாப்பாட்டு மேசையில் இந்தப் பேச்சை எடுங்கள். உழைப்பு யாருடையதோ, பெயரும் அவருடையதாக இருக்கட்டும்.